மடிப்பு மாறினால் மின்சாரம்

2006 ஜனவரி 19 அன்று புளூட்டோவை நோக்கிக் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் தூசி எண்ணும் கருவி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் கட்டியது. நாசாவின் கோள் ஆய்வுப் பயணங்களில் மாணவர்களே கட்டிக் கொடுத்த முதல் கருவி இதுதான். 1930இல் புளூட்டோவுக்கு அந்தப் பெயரைச் சொன்ன பதினோரு வயதுச் சிறுமி வெனிஷியா பர்னியின் பெயரைத்தான் இதற்கும் சூட்டியிருக்கிறார்கள். கருவியின் முகப்பில் லென்ஸும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை. இரு பக்கமும் உலோகப் பூச்சு பூசிய, 28 மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் தாள்கள் பன்னிரண்டு மட்டும் வரிசையாகப் பதிந்திருக்கின்றன.

விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வரும் மைக்ரான் அளவுத் துகள் ஒன்று தாளில் மோதினால் அங்கே ஒரு சிறு குழி விழும். குழி விழுந்த இடத்தில் இருந்த மின் ஒழுங்கு அந்தக் கணமே அழிந்துபோகும். அழிந்த அளவுக்கு ஏற்ப ஒரு மின்துடிப்பு எழும். துடிப்பின் அளவை வைத்து, வந்து மோதிய தூசியின் நிறையைக் கணக்கிடுகிறார்கள். தூசியை உணர்வதற்குத் தாளுக்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையை விட்டு வரும்போதே அதற்குள் ஒரு மின் ஒழுங்கை நிலையாகப் பதித்து அனுப்பிவிட்டார்கள். 1986இல் ஹாலி வால்நட்சத்திரத்தைச் சந்தித்த சோவியத் ஒன்றியத்தின் வேகா விண்கலங்களிலும், பிறகு சனிக்கோளைச் சுற்றிய காசினியிலும் இதே வகைத் தாள்தான் தூசி எண்ணியது.

இந்தத் தாளின் பெயர் பாலிவினைலிடீன் ஃப்ளூரைடு. துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக பிவிடிஎஃப் என்பார்கள். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்கு அருகில்தான் இருக்கிறது. செல்போனில் இருக்கும் லித்தியம் மின்கலத்தின் நேர்முனையில், மாவு போன்ற வேதிப்பொருளை அலுமினியத் தகட்டோடு ஒட்டிவைக்கும் பசை பெரும்பாலும் இதுதான். தண்ணீரைச் சுத்திகரிக்கும் சவ்வுகளிலும், வெயிலில் வெளுக்காத கட்டட வெளிப்பூச்சுகளிலும் இது இருக்கிறது. அங்கெல்லாம் இது ஒரு துளி மின்சாரமும் தருவதில்லை. அதே வேதிப்பொருள், அதே அணுக்கள், அதே பிணைப்புகள். ஒன்று பசை, இன்னொன்று விண்வெளிக் கருவி. மூலக்கூறுச் சங்கிலி எப்படி மடிந்து படிகமாக அடுக்கிக்கொண்டது என்பதில்தான் இந்த வேறுபாடு தொடங்குகிறது. அந்த மடிப்பை உண்டாக்குவதும் கெடுப்பதும் பெரும்பாலும் வெப்பம்.

நீளமான கார்பன் சங்கிலி ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்த கார்பனில் இரண்டு ஃப்ளூரின், மறுபடியும் இரண்டு ஹைட்ரஜன் என்று அது மாறிமாறிப் போகும். எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதில் ஃப்ளூரினுக்கு இணையான தனிமம் கிடையாது. ஆகவே ஃப்ளூரின் பக்கம் சற்று எதிர்மின்னாகவும் ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின்னாகவும் ஆகிவிடுகிறது. சங்கிலியின் ஒவ்வோர் அலகும் சுமார் 2.1 டிபை வலிமையுள்ள ஒரு மின் இருமுனை. கோடிக்கணக்கான இந்தச் சிறு இருமுனைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தால், அழுத்தும்போது தாள் மின்சாரம் தரும். ஆளுக்கொரு திசையைப் பார்த்தால் வெறும் பிளாஸ்டிக்.

உருகிய பிவிடிஎஃப் ஆறும்போது தானாக எடுத்துக்கொள்ளும் வடிவம் ஆல்பா. இதில் சங்கிலி ஒரு பிணைப்பு நேராகவும், அடுத்தது ஒரு பக்கம் திருகியும், மீண்டும் நேராகவும், பிறகு எதிர்ப்பக்கம் திருகியும் போகிறது. ஒரு சங்கிலியை மட்டும் தனியாகப் பார்த்தால் அதற்கு நிகர இருமுனை உண்டு. ஆனால் படிகத்தில் பக்கத்துச் சங்கிலி நேர் எதிராகத் திரும்பிப் படுத்துவிடுகிறது. சம பலமுள்ள இரண்டு அணிகள் கயிறிழுப்பதைப் போலத்தான். உள்ளே விசைக்குக் குறைவில்லை, கயிறுதான் நகராது.

பீட்டா வடிவத்தில் திருகலே கிடையாது. சங்கிலி முழுதும் நேராக நீட்டி நிற்கும். ஃப்ளூரின்கள் எல்லாம் ஒரு பக்கம், ஹைட்ரஜன்கள் எல்லாம் மறுபக்கம். அண்டைச் சங்கிலிகளும் அதே திசையைத்தான் பார்க்கும். மின்சாரம் தரும் வடிவங்களில் வலுவானது இதுவே. இந்த ஒழுங்கு எளிதில் அமைவதில்லை என்பதற்கு ஓர் எண்கணக்கு இருக்கிறது. நேராக நீட்டிய சங்கிலியில் ஒரு ஃப்ளூரினுக்கும் அடுத்த ஃப்ளூரினுக்கும் இடையே கிடைக்கும் தூரம் 2.56 ஆங்ஸ்ட்ராம். ஃப்ளூரின் அணுவின் விட்டமோ சுமார் 2.7 ஆங்ஸ்ட்ராம். இடம் போதவில்லை. அதனால் அலகுகள் இப்படியும் அப்படியும் சில டிகிரி சாய்ந்து நின்று சமாளிக்கின்றன. எல்லாக் கார்பன்களிலும் ஃப்ளூரினே நிறைந்த டெஃப்லானில் இந்த நெருக்கடி இரு பக்கமும் இருப்பதால், அங்கே சங்கிலி முழுவதுமே முறுக்கிக்கொண்டு சுருளாகிவிடுகிறது. தோசைக்கல் டெஃப்லான் மின் இருமுனைக்கு உதவாததற்குச் சமச்சீர் ஒரு காரணம்: எங்கு பார்த்தாலும் ஃப்ளூரின் என்றால் நேர்ப்பக்கம் எது, எதிர்ப்பக்கம் எது?

காமா, டெல்ட்டா என்று இன்னும் வடிவங்கள் உண்டு. காமாவில் மூன்று நேர்ப் பிணைப்புக்கு ஒரு திருகல். டெல்ட்டாவில் சங்கிலி ஆல்பாவின் அதே சங்கிலிதான். வலுவான மின்புலத்தால் பாதிச் சங்கிலிகளை மட்டும் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

அழுத்தினால் மின்சாரம் தரும் குணத்தைக் குவார்ட்ஸ் போன்ற படிகங்களில் 1880இல் கண்டவர்கள் கியூரி சகோதரர்கள். அது நெடுங்காலம் கல்லுக்கும் உப்புக்கும் பீங்கானுக்கும் உரிய குணமாகவே கருதப்பட்டது. ஜப்பானில் ஃபுகாடா எய்ச்சி 1950களில் மரத்திலும் எலும்பிலும் அதைக் காட்டினார். மரத்திலேயே இருந்தால் செயற்கை பாலிமர்களிலும் இருக்கலாமே என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. 1969இல் டோக்கியோவின் கோபயாசி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கவாய் ஹெய்ஜி பல பாலிமர்களை இழுத்து, சூடாக்கி, மின்புலத்தில் வைத்துச் சோதித்தபோது பிவிடிஎஃப் மட்டும் மற்றவற்றை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. இரண்டே ஆண்டுகளில், வெப்பநிலை மாறினாலும் இந்தத் தாள் மின்சாரம் தருகிறது என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் அறிவித்தார்கள். 1970களில் பயனீர் நிறுவனம் இந்தத் தாளை வைத்து ஹெட்போனே செய்து விற்றது.

கவாயின் செய்முறை சாரத்தில் இன்றும் மாறவில்லை. ஆல்பாவாக இருக்கும் தாளை சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் நான்கைந்து மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். திருகிக் கிடக்கும் சங்கிலிகள் இழுப்பில் நிமிர்ந்து பீட்டாவாகின்றன. சூடு அதிகமானால் சங்கிலிகள் நழுவிக்கொண்டே போய் ஆல்பாவாகவே தங்கிவிடும். குறைந்தால் தாள் கிழியும். அதனால் 80ஐ ஒட்டிய அந்தக் குறுகிய இடைவெளி முக்கியம். கரைசலில் இருந்து தாள் வார்க்கும் முறையிலும் இதே கதைதான்: கரைப்பானை 70 டிகிரிக்குக் கீழே மெதுவாக ஆவியாக்கினால் பீட்டா மிகும், 110 டிகிரியைத் தாண்டினால் ஆல்பா வரும்.

பீட்டா கிடைத்ததும் வேலை முடிந்ததாகாது. படிகங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் கிடக்கும். இரு பக்கமும் உலோகம் பூசி, உயர் மின்னழுத்தம் கொடுத்து அவற்றை ஒரே பக்கம் திருப்ப வேண்டும். திரும்பத் தொடங்குவதற்கே ஒரு மைக்ரானுக்குச் சுமார் 50 வோல்ட் வேண்டும். நியூ ஹொரைசன்ஸ் தாளின் தடிமனைக் கொண்டு கணக்கிட்டால் 1,400 வோல்ட். நடைமுறையில் இதைவிட அதிகமாகவே கொடுப்பார்கள். தாளில் ஒரு தூசியோ காற்றுக்குமிழியோ இருந்தால் அந்த இடத்தில் பொறி பறந்து ஓட்டை விழும்.

இந்தத் தாள் முழுவதும் படிகம் அல்ல. ஏறத்தாழப் பாதிதான் படிகம். மீதி ஒழுங்கற்ற பகுதி. அந்த ஒழுங்கற்ற பகுதி கண்ணாடி போல இறுகுவது மைனஸ் 40 டிகிரியை ஒட்டித்தான். நம் அறை வெப்பநிலையில் அது ரப்பர் போல நெகிழ்ந்திருக்கும். தாள் வளைவதும், சுருட்டினால் உடையாமல் இருப்பதும் அதனால்தான். படிகப் பாதி மின்சாரத்தைத் தருகிறது, ரப்பர்ப் பாதி உழைப்பைத் தாங்குகிறது.

வெப்பத்தில் இதன் நடத்தை விசித்திரமானது. பேரியம் டைட்டனேட் போன்ற பீங்கான்களை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் உள்ளிருக்கும் மின் ஒழுங்கு குலைந்துவிடும். ஒழுங்கு குலையும் அந்தப் புள்ளிக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். தூய பிவிடிஎஃப்பில் அந்தப் புள்ளியைக் காணவே முடியாது. ஒழுங்கு குலையும் வெப்பநிலைக்குப் போகும் முன்பே, 170 டிகிரியை ஒட்டி, படிகமே உருகிவிடுகிறது. இதைக் கேட்டால் 150 டிகிரி வரை இந்தத் தாளைத் தைரியமாகப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். ஆனால் சென்சார் தயாரிப்பவர்கள் 80 டிகிரியைத் தாண்டாதீர்கள் என்றுதான் எச்சரிக்கிறார்கள். இழுத்து நீட்டிய தாள் சூடேறும்போது பழையபடி சுருங்கப் பார்க்கும். சிறிய, குறையுள்ள படிகங்கள் முதலில் தளரும். பதித்த மின் ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். உருகுநிலை என்ற ஒற்றை எண்ணை நம்பி வடிவமைத்தால் கருவி காலை வாரிவிடும்.

ஒரு தாளில் எந்த வடிவம் இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வேலை தோன்றும் அளவுக்குச் சுலபமில்லை. சில மில்லிகிராம் மாதிரியைச் சிறிய அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் காலிக் கிண்ணம் ஒன்றையும் வைத்து, இரண்டையும் ஒரே வேகத்தில் சூடாக்கி, மாதிரி கூடுதலாக எவ்வளவு வெப்பத்தைக் குடிக்கிறது என்று அளப்பது ஒரு முறை. உருகும் இடத்தில் வரைபடம் சட்டென்று திரும்பும். காமா 180 டிகிரியை ஒட்டி உருகுவதால் ஓரளவு பிரிந்து தெரியும். ஆல்பாவும் பீட்டாவும் ஏறத்தாழ ஒரே இடத்தில் உருகுவதால் இந்த அளவீட்டை மட்டும் வைத்து அவற்றைப் பிரிக்க இயலாது. அதற்கு எக்ஸ்-கதிர் வேண்டும். வழக்கமான தாமிரக் கதிரில் பீட்டாவுக்கு 20.3 டிகிரிக் கோணத்தில் ஒரு கூரிய முகடு வரும், ஆல்பாவுக்கு 17.7, 18.3, 19.9 என்று முகடுகள் வரிசையாக நிற்கும்.

அகச்சிவப்புக் கதிர் மூன்றாவது வழி, மலிவானது, வேகமானது. பல ஆய்வுக் கட்டுரைகள் வழுக்கி விழுவதும் இங்கேதான். 840 அலையெண்ணில் உள்ள பட்டையை அளந்து, தயாராக இருக்கும் ஒரு சூத்திரத்தில் போட்டு, ‘எங்கள் மாதிரியில் 90 விழுக்காடு பீட்டா’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பட்டை பீட்டாவுக்கு மட்டும் சொந்தமில்லை, காமாவுக்கும் வரும். பீட்டாவை உறுதிசெய்ய 1275ஐயும், காமாவுக்கு 1234ஐயும் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த 90 விழுக்காடு படிகப் பகுதிக்குள் மட்டும்தான். படிகமே பாதி என்றால் தாளில் பீட்டா உண்மையில் 45 விழுக்காடு. அதையும் மின்புலத்தில் திருப்பி வைக்காவிட்டால் வெளியே கிடைக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பூஜ்யம். பீட்டா விழுக்காட்டைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இந்த இரண்டையும் சொல்லாத கட்டுரையைச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

இழுக்காமலேயே பீட்டா கிடைக்க ஒரு குறுக்குவழி உண்டு. சங்கிலியில் ஆங்காங்கே ட்ரைஃப்ளூரோஎத்திலீன் என்ற அலகைக் கலப்பது. இதில் ஒரு ஃப்ளூரின் கூடுதல். அந்தக் கூடுதல் ஃப்ளூரின் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆல்பாவின் திருகல் சங்கிலிக்கு வசதிப்படுவதில்லை. நேராக நீட்டி நிற்பதே மேல் என்றாகிவிடுகிறது. நூற்றுக்கு இருபதுக்கு மேல் கலந்தால் உருகி ஆறும்போதே பீட்டா போன்ற படிகம் வந்துவிடும். அதோடு, தூய பிவிடிஎஃப் ஒளித்துவைத்திருந்த கியூரி வெப்பநிலையும் இப்போது உருகுநிலைக்குக் கீழே இறங்கி வெளியே தெரிகிறது. பாதிக்குப் பாதி கலந்தால் 70 டிகிரியை ஒட்டியும், எண்பதுக்கு இருபது என்றால் 130ஐத் தாண்டியும் அது வரும். ஏறும்போது ஒழுங்கு குலையும் வெப்பநிலையும், இறங்கும்போது ஒழுங்கு திரும்பும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பது கூடுதல் சுவாரசியம். எழுபதுக்கு முப்பது கலவையில் இடைவெளி பல பத்து டிகிரிகள் வரை போகும்.

கியூரிப் புள்ளிக்கும் உருகுநிலைக்கும் இடைப்பட்ட வெப்பநிலை தயாரிப்பாளர்களுக்கு ஒரு வரம். அங்கே சங்கிலிகள் தங்கள் அச்சில் சுழன்று, ஒன்றின்மீது ஒன்று வழுக்கி, பெரிய படிகங்களாக அடுக்கிக்கொள்ளும். 140 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் வைத்திருந்தால் படிகப் பங்கு பாதியிலிருந்து பெரும்பகுதிக்கு ஏறிவிடும். எந்த வெப்பம் முடிந்த தாளின் ஒழுங்கைக் கெடுக்குமோ, அதே வெப்பம் உற்பத்தியின்போது படிகத்தை வளர்த்துத் தருகிறது. பிறகு ஆறவிட்டு மின்புலம் கொடுத்தால் போதும்.

ஒழுங்கு குலையும்போது வெப்பம் உறிஞ்சப்படும் என்றால், மின்புலத்தைக் கொடுத்தும் எடுத்தும் ஒரு பொருளைச் சூடாக்கிக் குளிர்விக்க முடியுமா? முடியும் என்று 2008இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாங் சிமிங்கின் குழு காட்டியது. இந்தக் குடும்பத்துப் பாலிமர்த் தாள்களில் 12 டிகிரி வெப்பநிலை மாற்றம் கிடைத்தது. கம்ப்ரஸர் வேண்டாம், குளிர்பதன வாயு வேண்டாம். ஒரு மைக்ரானுக்குச் சுமார் 300 வோல்ட் வேண்டும் என்பதுதான் இடர்ப்பாடு. அந்த அழுத்தத்தில் தாள் பொசுங்காமல் நெடுநாள் ஓடுவது கடினம். 2017இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் இதே வகைத் தாளை வெப்ப மூலத்துக்கும் வெப்பம் வெளியேற்றும் தகட்டுக்கும் இடையே முன்னும் பின்னும் ஆடவிட்டு, சூடேறிய செல்போன் மின்கலம் ஒன்றை ஐந்து விநாடியில் 8 டிகிரி குளிர வைத்தார்கள். வீட்டுக் குளிர்பதனப்பெட்டிக்கு இது வர வெகுதூரம் இருக்கிறது. சிப்புகளையும் மின்கலங்களையும் குளிர்விக்க வருவது எட்டாத கனவல்ல.

கலப்பதில் இன்னொரு வழி, பாலிமருக்குள் வேறு பொருளின் துகள்களைச் சேர்ப்பது. பீங்கான் துகளின் அழுத்த மின்திறன் பிவிடிஎஃப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல். பாலிமரின் நெகிழ்வோடு அதைச் சேர்த்தால் இரண்டும் கிடைக்குமே என்பது கணக்கு. கணக்கு அவ்வளவு நேராக வருவதில்லை. பாலிமரின் மின்காப்பு மாறிலி பன்னிரண்டு என்றால் பீங்கானுக்கு ஆயிரத்தைத் தாண்டும். மின்னழுத்தம் கொடுத்தால் பெரும்பங்கைப் பாலிமரே வாங்கிக்கொள்ளும்; பீங்கானுக்குள் புலம் சரியாகப் போவதில்லை. அதனால் இப்போது பல குழுக்கள் துகளை மின்சாரத்துக்காகச் சேர்ப்பதில்லை. படிகம் முளைக்கும் வித்தாகச் சேர்க்கின்றன. புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் 2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. பதப்படுத்திய களிமண் தகடுகளை உருகிய பிவிடிஎஃப்பில் கலந்து ஆறவிட்டபோது, வழக்கமான ஆல்பாவுக்குப் பதில் பீட்டா வந்தது. களிமண்ணுக்கு அழுத்த மின் குணம் கிடையாது. அதன் மேற்பரப்புதான் சங்கிலிகளை நேராக நிறுத்தியது.

பீங்கானும் பாலிமரும் சேரும் இடத்தில் மிக அழகான வேலையைச் செய்தது ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் என்று சொல்லலாம். பிவிடிஎஃப்புக்கு ஒரு தலைகீழ்க் குணம் உண்டு. பீங்கானுக்கு அதன் மின் திசையிலேயே புலம் கொடுத்தால் அது தடிக்கும், பிவிடிஎஃப் மெலியும். ஆனால் வெப்பத்துக்கு இரண்டும் ஒரே குறியில் பதில் சொல்லும். ஆகவே இரண்டையும் ஒரே திசையில் திருப்பி வைத்தால், அதிர்வால் வரும் மின்சாரம் ஒன்றையொன்று அடித்துவிடும். வெப்பத்தால் வரும் மின்சாரம் கூடும். அதிர்ந்தாலும் ஏமாறாத வெப்ப உணரி கிடைக்கும். நியூ ஹொரைசன்ஸ் கருவியில் இதே தொல்லையைச் சமாளிக்க வேறு உத்தி: பன்னிரண்டு தாள்களோடு, தூசி படாத பின்புறத்தில் இரண்டு தாள்களை வைத்தார்கள். அவற்றிலும் துடிப்பு வந்தால் அது தூசி இல்லை, விண்கலத்தின் அதிர்வோ வேறு இரைச்சலோ என்று கழித்துவிடலாம்.

வெப்ப உணர்வு பூமியிலும் பயன்படுகிறது. உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கோளாறைச் சோதிக்கும் ஆய்வகங்களில், நோயாளியின் மூக்குக்குக் கீழே ஒட்டும் மெல்லிய உணரிகளில் ஒரு வகை பிவிடிஎஃப்தான். வெளியேறும் மூச்சு சூடு, உள்ளே போகும் காற்று குளிர்ச்சி. ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் அலை. மார்பைச் சுற்றிய பட்டையிலும் இதே தாள் இழுபட்டு, மூச்சின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும். மருத்துவ ஸ்கேன் கருவிகளின் மீயொலி அளவைச் சரிபார்க்கும் நீரொலிவாங்கிகளிலும் இதுவே தரமாக இருக்கிறது. பீங்கானைவிட இதன் ஒலித்தடை தண்ணீருக்கு மிக நெருக்கம்; ஒலி தாளில் மோதித் திரும்பாமல் பெருமளவு ஊடுருவிப் போகிறது.

ஃப்ளூரின் சேர்ந்த பொருள் என்பதால் ஒரு சர்ச்சையும் இதைத் துரத்துகிறது. மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கும் ஃப்ளூரின் சேர்மங்கள் மொத்தத்தையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் 2023 ஜனவரியில் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் முன்மொழிந்தன. ஃப்ளூரின் பாலிமர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. கவலைக்குக் காரணம் இருக்கிறது. இத்தகைய பாலிமர்களின் உற்பத்தியில் துணையாகச் சேர்த்த சில ஃப்ளூரின் சோப்புப் பொருள்கள் தொழிற்சாலைகளைச் சுற்றிய குடிநீரில் கலந்த வரலாறு உண்டு. அளவுக்கு மீறிச் சூடேறிச் சிதைந்தால் பிவிடிஎஃப் நச்சுத்தன்மை கொண்ட ஹைட்ரஜன் ஃப்ளூரைடை வெளியிடும்.

ஆனால் எல்லாப் பயன்பாட்டையும் ஒரே தராசில் வைப்பது சரியாகாது. மின்கலத்தின் எதிர்முனையில் தண்ணீரில் கரையும் பசைகள் ஏற்கெனவே பிவிடிஎஃப்பைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டன. நேர்முனைக்கும் கட்டடப் பூச்சுக்கும் மாற்று தேட வழியிருக்கிறது. டன் கணக்கில் செலவாவது அங்கேதான். உணரிகளுக்கு வேண்டியது சில பத்து மைக்ரான் தடிமனுள்ள தாள் மட்டும். ஃபுகாடா பின்னாளில் ஆராய்ந்த பாலிலாக்டிக் அமிலம் மண்ணில் மக்கும் நல்ல மாற்றுதான். ஆனால் அதன் அழுத்த மின்திறன் பிவிடிஎஃப்பில் பாதிகூட வருவதில்லை, வெப்பத்துக்கு மின்சாரம் தரும் குணமும் அதில் கிடையாது. தடை எழுதுகிறவர்கள் பசையையும் பூச்சையும் ஒரு பட்டியலிலும், பீட்டாத் தாளை வேறொரு பட்டியலிலும் வைப்பதே நியாயம்.